அம்மாவின் டப்பாவும் பட்டாளத்துப் பையும்

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயம் கிடைக்கும். ஒன்று கொசுக்கடி, மற்றொன்று பேச்சுத் துணை. போன வாரம் எனக்கு இரண்டும் கிடைத்தன.

பேச்சுத் துணையாக வாய்த்தவர் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பட்டாளத்துக்காரர். லீவு முடிந்து வடக்கே போகிறார். வழியனுப்ப வந்த தாயார் மடியில் ஒரு டப்பா. நிறைய மல்லாட்டை உருண்டை. மகனுடைய பையையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்த அந்த அம்மாள் கேட்டாள்:

"ஏங்கண்ணு, பை மேல இத்தன நாடா தெச்சிருக்குதே, கிழிஞ்சிடிச்சின்னு ஒட்டுப் போட்டாங்களா?"

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன், அம்மாள் முந்திக்கொண்டாள்.

வாசகர்களே, அது ஒட்டல்ல. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1760-இல் திண்டிவனத்துக்கு அண்டை ஊரான வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்களே, அந்தக் காலத்துச் சிப்பாயின் உடம்பில் தோல் வார்கள் கிடக்கும். ஒன்றில் தோட்டாப் பெட்டி, மற்றொன்றில் கத்தி. தோல் மழையில் ஊறும், வெயிலில் விறைக்கும். 1899-இல் தொடங்கிய போயர் யுத்தத்தில் தோலின் குறைகள் நன்றாக வெளிப்பட்டன. அதன் பிறகு 1908-இல் ஆங்கிலேயர் கெட்டியாக நெய்த பருத்திப் பட்டைக்கு மாறினார்கள். தோட்டாப் பை, தண்ணீர்க் குப்பி, முதுகுப் பை எல்லாம் ஒரே கோவை. சட்டை போல மாட்டலாம், கழற்றலாம். 1937-இல் வந்த அடுத்த மாதிரியை அணிந்துதான் இரண்டாம் உலகப் போரில் நம் இந்தியச் சிப்பாய்கள் போரிட்டார்கள்.

அமெரிக்கர்கள் 1973-இல் இன்னும் லேசான ஓர் அமைப்பைக் கொண்டு வந்தார்கள். பிறகு 1990-களின் கடைசியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து நாட்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததுதான் இந்த நாடா வித்தை. அதற்கு 'மாலி' என்று பெயர். ஓர் அங்குல அகலத்தில் நாடா. ஓர் அங்குல இடைவெளி. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். சிறு பைகளின் வாரை அந்த நாடாக்களுக்குள் மாற்றி மாற்றி, கோரைப்பாய் முடைவது போலக் கோத்துவிட்டால் அசையாது. மருத்துவ வீரனுக்கு மருந்துப் பை, துப்பாக்கி வீரனுக்குத் தோட்டாப் பை. அவரவர் வேலைக்கு அவரவர் அடுக்கு!

ஆனால் பையை எப்படி அடுக்கினாலும், பாரம் எங்கே உட்காருகிறது என்பதே பெரிய கேள்வி. நம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எங்கே வைக்கிறார்கள்? இடுப்பில். தோளில் மட்டும் வார் அழுத்தினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப் போகும். துப்பாக்கி பிடிக்க வேண்டிய கை ஆயிற்றே! அதனால்தான் இந்தக் காலத்துப் பெரிய பைகளில் அகலமான இடுப்புக் கச்சை வைத்து, பாரத்தில் பெரும்பங்கை இடுப்பெலும்புக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் சிப்பாயின் கஷ்டம் தீர்ந்ததா? அதுதான் இல்லை. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமை கூடாது என்பது பழைய கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு இருபது கிலோ. 2003-இல் ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கச் சிப்பாய்களை நிறுத்துப் பார்த்தபோது, சண்டைக்குத் தேவையான சுமை மட்டுமே சராசரி 28 கிலோவைத் தாண்டியது. நெடுநடைக்கான முதுகுப் பை அதில் சேராது! பை வசதியாக ஆக, 'இன்னும் ஒன்று வைக்கலாமே' என்று தோன்றிவிடுகிறது. நம் வீட்டுப் பரண் கதைதான்.

குறைத்துவிடலாமே என்பீர்கள். 1962-இல் நாம்கா சூ நதிக்கரையில் நம் ஜவான்கள் பருத்தி உடுப்போடும், ஆளுக்கு 50 தோட்டாவோடும் நின்றார்கள். பாதை இல்லாத மலையில் அதற்கு மேல் போய்ச் சேரவில்லை. அக்டோபர் 20 அன்று சீனப் படை பாய்ந்தபோது அந்தக் குறைவுக்கு விலையாக உயிர்கள் போயின. சுமை அதிகமானாலும் ஆபத்து; குறைந்தாலும் ஆபத்து.

நம் நாட்டிலும் வேலை நடக்காமல் இல்லை. டில்லியில் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆராய்ச்சிக் கூடம், சுமை தூக்கி நடக்கும் ஜவானின் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்து பார்க்கிறது. 2018-இல் 1,86,000 குண்டு துளைக்காத உடுப்புகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் ஆயிற்று. உயிரைக் காக்கும் அந்த உடுப்பும் உடம்பின் மேல் ஒரு பாரம்தானே!

"எதை விட்டுட்டுப் போறது, சார்?" என்றார் நம் பட்டாளத்துக்காரர். "தண்ணியையா, தோட்டாவையா, மருந்தையா? ஏறும்போது எல்லாம் கனம். மேலே போனப்புறம் எல்லாமே வேணும்."

எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டி வரும் மணி அடித்தது. அவர் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். அதன் வாரை நாடாக்களில் கோத்து இறுக்கி, உருண்டை டப்பாவை அதற்குள் பத்திரமாக வைத்தார்.

"கனமா இருக்காதா கண்ணு?" என்றாள் தாயார்.

"இதுவாம்மா கனம்?" என்று சிரித்துக் கொண்டே பையை முதுகில் ஏற்றி, இடுப்புக் கச்சையை இழுத்துப் பூட்டினார்.