பிளாஸ்திரியைப் பிய்த்தால் தோலும் வருவதா?

பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் கையில் ஒரு புதுப் புண்!

அது எப்படி வந்தது?

குளுக்கோஸ் ஏற்றிய ஊசி நகராமல் இருக்க, கையில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். வீட்டுக்குப் புறப்படும்போது அதைப் பிய்த்தார்கள். பிளாஸ்திரியோடு மெல்லிய தோலும் உரிந்து வந்துவிட்டது.

இப்படிப்பட்ட காயம் பல வீடுகளில் தெரிந்த காயம். வயதானவர்களின் தோல் காகிதம் போல மெலிந்து போகிறது. மேல் தோலும் உள் தோலும் முன் போல இறுகப் பிடித்திருப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தோலும் அப்படித்தான். அந்தத் தோல் இன்னும் முழுதாக வளரவே இல்லை.

இது சின்னக் காயம் என்று தள்ளிவிட முடியாது. தோல்தான் உடம்பின் கோட்டைச் சுவர். சுவரில் ஓட்டை விழுந்தால் கிருமி உள்ளே நுழையும். 2013-ல் அமெரிக்காவில் நிபுணர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். "மருத்துவப் பசையால் தோலுக்கு வரும் காயம்" என்று இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். தடுக்கக் கூடிய காயம் இது என்பதே அவர்கள் கருத்து.

குற்றம் யாருடையது? பிய்த்த நர்சின் கையை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. அந்தப் பிளாஸ்திரிக்கு எந்தத் துணி, எந்தப் பசை என்று முடிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். "எது மலிவு?" என்று மட்டும் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

சமையல் அறையில் பிறந்தது

பிளாஸ்திரியின் கதை ஒரு சமையல் அறையில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஏர்ல் டிக்சன் என்பவர் இருந்தார். ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியில் பஞ்சு கொள்முதல் செய்யும் வேலை அவருக்கு. அவர் மனைவி பெயர் ஜோசப்பின். சமைக்கும்போது அவர் அடிக்கடி விரலை வெட்டிக் கொள்வார், சுட்டுக் கொள்வார்.

1920-ல் டிக்சன் ஒரு வழி கண்டார். ஒட்டும் பட்டை ஒன்றை நீளமாக விரித்தார். அதன் நடுவில் இடைவெளி விட்டுத் துணித் துண்டுகளை வைத்தார். பசை காய்ந்துவிடாமல் இருக்க, மேலே ஒரு விறைப்பான துணியை மூடினார். வேண்டும்போது மனைவியே ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொள்ளலாம்.

கம்பெனி அதை 1921-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுதான் பேண்ட்-எய்ட். முதலில் கையால் செய்தார்கள். 1924 முதல் இயந்திரம் அளவாக வெட்டித் தந்தது. டிக்சன் பின்னாளில் அந்தக் கம்பெனியின் துணைத் தலைவராகவே உயர்ந்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்சன் தம் மனைவியின் விரலைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். முதலில் விரல், பிறகுதான் வியாபாரம்!

மூன்று அடுக்கு

இன்றைய பிளாஸ்திரியிலும் டிக்சன் வைத்த அடுக்குகளே இருக்கின்றன.

மேலே இருப்பது முதுகுப் பட்டை. அது துணியாக இருக்கலாம். பிளாஸ்டிக் தாளாக இருக்கலாம். பஞ்சு போன்ற நுரையாகவும் இருக்கலாம்.

நடுவில் பசை.

கீழே உரிக்கும் தாள். டிக்சன் மூடிய விறைப்புத் துணியின் வாரிசு இது. இதன் மேல் சிலிக்கோன் பூசியிருப்பார்கள். அதனால்தான் பசை இதில் இறுகப் பிடிப்பதில்லை. ஸ்டிக்கர் பொட்டை அட்டையிலிருந்து எடுப்பது போல எளிதாக உரித்து எடுக்கலாம்.

நெஞ்சில் ஒட்டி இதயத் துடிப்பைப் பார்க்கும் வட்ட வில்லையும் இப்படி அடுக்கி வெட்டியதுதான். சர்க்கரை நோயாளிகள் ரத்தம் தொட்டுப் பார்க்கும் பட்டையும் அப்படித்தான்.

பூரி வெட்டுவது போல

இவற்றை எப்படி வெட்டுகிறார்கள்?

வீட்டில் பூரிக்கு மாவு தேய்க்கிறார்கள். எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும் என்றால், டப்பா மூடியை வைத்து அழுத்துகிறார்கள். வட்டம் விழுகிறது. அந்த மூடிதான் "டை". அழுத்தி வெட்டும் வேலைதான் "டை கட்டிங்". சிவகாசியில் அட்டைப் பெட்டி வெட்டுவோருக்கு இது பழகிய சொல்.

இதில் இரண்டு முறை உண்டு. ஒட்டுப்பலகையில் எஃகுத் தகட்டை வேண்டிய வடிவத்தில் பதித்து, மேலிருந்து அழுத்துவது ஒன்று. உருளையின் மேலேயே வெட்டு விளிம்பை அமைத்து, சுருளை அதன் அடியில் ஓட விடுவது மற்றொன்று. உருளை முறையில் நிற்காமல் ஓட்டலாம். அதிக எண்ணிக்கைக்கு அது ஏற்றது.

அட்டைப் பெட்டியை முழுதாக வெட்டிவிடலாம். பிளாஸ்திரியில் அப்படிச் செய்ய முடியாது. கத்தி முதுகுப் பட்டையை வெட்ட வேண்டும். பசையை வெட்ட வேண்டும். அடியில் உள்ள தாளை மட்டும் வெட்டாமல் நிற்க வேண்டும்! கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் தாள் கிழியும். கொஞ்சம் மேலே நின்றால் பட்டை பிரியாது. அவசர நேரத்தில் நர்சு நகத்தால் கிள்ளிக் கொண்டு நிற்க வேண்டும்.

மூலை விஷயமும் உண்டு. கூர்மையான மூலை உடையில் உரசிச் சீக்கிரம் எழும்பும். அதனால் மூலையை வளைவாக வெட்டுகிறார்கள்.

சர்க்கரை பார்க்கும் பட்டையில் இந்த வேலை இன்னும் நுணுக்கம். ரத்தத்தை உறிஞ்சும் சிறு வாய்க்காலை, நடு அடுக்கை வெட்டித்தான் பல ரகங்களில் உண்டாக்குகிறார்கள். வாய்க்காலின் அகலம் மாறினால் ரத்தத்தின் அளவு மாறும். அளவு மாறினால் கணக்கும் மாறக் கூடும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஒருவர் இன்சுலின் போட்டுக் கொள்கிறார்!

ஆகவே வெட்டும் தொழிலாளி வெறும் பட்டை வெட்டவில்லை. எங்கோ இருக்கும் ஒரு நோயாளியின் உடம்பைத் தொடுகிறார்.

பொட்டு சொல்லும் பாடம்

பசையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்குப் பெண்களின் நெற்றியே சாட்சி.

ஸ்டிக்கர் பொட்டு வந்த பிறகு, சில பெண்களுக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. காரணம் என்ன? தோல் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 1980-களிலேயே இதைப் பற்றி எழுதினார்கள். சில பொட்டுகளின் பசையில் இருந்த "பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால்" என்ற ரசாயனம் ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அது, தோலுக்கு நிறம் தரும் அணுக்களைக் கெடுக்கிறது. செருப்பு ஒட்டும் பசைகளிலும் இதே ரசாயனம் சேர்ந்த பிசின் உண்டு.

செருப்புக்கு அது நல்ல பசை. நெற்றிக்கு அது ஆகாது. கண்ணால் பார்த்தால் இரண்டும் பசைதான். தோலுக்குத்தான் வித்தியாசம் தெரிகிறது.

எந்தத் தோலுக்கு எந்தப் பசை?

மருத்துவப் பசையிலும் பல இனம் உண்டு.

பழைய துணிப் பிளாஸ்திரியில் ரப்பர் பசையோடு துத்தநாக ஆக்சைடு சேர்ந்திருக்கும். நன்றாகப் பிடிக்கும். பிய்த்தால் நன்றாக வலிக்கும். இயற்கை ரப்பர் ஒத்துக் கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து அக்ரிலிக் பசை. 1960-ல் அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனி, காற்றுப் போகும் மெல்லிய பட்டையை "மைக்ரோபோர்" என்ற பெயரில் கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிகளில் வெள்ளைத் தாள் போல இருக்கும் பட்டை அந்த வகைதான். அக்ரிலிக் பசைக்கு ஒரு குணம் உண்டு. நேரம் ஆக ஆக இறுகப் பிடிக்கும்.

பிறகு வந்தது மென்மையான சிலிக்கோன் பசை. மெதுவாக ஒட்டும், மெதுவாகப் பிரியும், தோலை இழுக்காது. விலைதான் அதிகம்.

"ஏழைகள் நிறைந்த நாட்டில் விலையைப் பார்க்காமல் இருக்க முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் விலை உயர்ந்த பசை தேவையில்லை. திடமான வாலிபனின் முழங்கால் சிராய்ப்புக்குச் சாதாரணப் பட்டை போதும். ஆனால் குறைமாதக் குழந்தைக்கும், எண்பது வயதுப் பாட்டிக்கும் அதே பட்டையை ஒட்டுவது சிக்கனம் ஆகாது. பட்டையில் மிச்சமான காசு, உரிந்த தோலுக்கு மருந்து வாங்கவே போய்விடும். வலி கணக்கில் வராத செலவு!

ரகசியமாக மாற்றக் கூடாது

மருத்துவப் பொருள் தோலில் படலாமா என்று சோதிக்க, உலக அளவில் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. அதன் பெயர் ஐஎஸ்ஓ 10993. உயிரணுவைக் கொல்கிறதா, தோலில் எரிச்சல் தருகிறதா, ஒவ்வாமை உண்டாக்குகிறதா என்று அதன்படி பார்க்கிறார்கள்.

ஆனால் சோதித்தது ஒரு பசை, விற்பது வேறு பசை என்றால் அந்தச் சோதனையால் என்ன பயன்?

பட்டைச் சுருள் செய்வது ஒரு கம்பெனி. வெட்டுவது இன்னொரு பட்டறை. விற்பது மூன்றாவது கம்பெனி. நடுவில் ஒருவர் காசு மிச்சம் பிடிக்க வேறு சுருளை மாட்டினால், வெளியே தெரியாது. நிறமும் ஒன்று, வடிவமும் ஒன்று.

கிருமி நீக்குவதிலும் இந்த ஆபத்து உண்டு. எத்திலீன் ஆக்சைடு வாயுவாலும், காமா கதிராலும் கிருமி நீக்குகிறார்கள். சாதாரண பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் காமா கதிர் பட்டால் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகிறது. பொருளை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

சட்டமும் கேள்வியும்

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-ல் வந்தன. 2018 ஜனவரி 1 முதல் அமலாயின. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வையில் மருந்துகளோடு சேர்ந்தன. ஆபத்தின் அளவைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு பிரித்திருக்கிறார்கள்.

ஏ வகுப்பில், கிருமி நீக்கி விற்காத, அளவு பார்க்கப் பயன்படாத பொருள்களுக்கு 2022 அக்டோபரில் லைசென்சிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்தால் போதும். சிறு பட்டறைகள் பிழைக்க இந்தச் சலுகை நல்லதே. ஆனால் லைசென்சு இல்லாத இடத்தில் நாணயம் இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. மருத்துவப் பொருளில் இயற்கை ரப்பர் பால் இருந்து, அது உடம்பில் படும் என்றால், உறை மேல் அச்சிட்டுச் சொல்ல வேண்டும். 1998 செப்டம்பர் 30 முதல் அது அமலில் இருக்கிறது. இங்கே அதற்கும் ஒரு படி மேலே போகலாம். தோலில் ஒட்டும் ஒவ்வொரு பொருளின் பெட்டியிலும், "ரப்பர் பசை", "அக்ரிலிக் பசை", "சிலிக்கோன் பசை" என்று எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி தமிழில் அச்சிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு கொஞ்சம் மை!

ஆஸ்பத்திரிகளும் டெண்டர் கேட்கும்போது விலையோடு மூன்று கேள்வி கேட்க வேண்டும். பசை எது? எந்தச் சோதனை செய்தீர்கள்? மூலப் பொருளை மாற்றினால் முன்கூட்டியே எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று தள்ள வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது

வீட்டாருக்கும் வேலை உண்டு. முன்பு பிளாஸ்திரி ஒத்துக் கொள்ளாமல் போயிருந்தால், ஆஸ்பத்திரியில் சேரும்போதே நர்சிடம் சொல்லிவிட வேண்டும்.

எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மறு கையால் பட்டையைத் தன் மேலேயே மடித்து, தோலை ஒட்டினாற்போல, முடி வளரும் திசையில் மெல்ல மெல்ல உரிக்க வேண்டும். மேல் நோக்கித் தூக்கி இழுத்தால் தோலும் கூடவே எழும்பும்.

ஒரு பட்டைக்கு இத்தனை பேச்சா என்று சிலர் சிரிக்கலாம். லட்ச ரூபாய் இயந்திரம் நோயாளியின் பக்கத்தில் நிற்கிறது. அவர் உடம்பைத் தொடுவதோ அந்தச் சின்னப் பட்டைதான்.

டிக்சன் தம் மனைவியின் விரலை நினைத்து ஒரு துண்டு வெட்டினார். இன்று பட்டை செய்கிறவரும், வெட்டுகிறவரும், வாங்குகிறவரும் தங்கள் வீட்டுப் பாட்டியின் கையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும். அப்புறம் விலை பேசட்டும்!