விழுந்து பணிந்தாலே வணக்கமாகிவிடுமா? 'புரோஸ்குனேயோ' எனும் கிரேக்கச் சொல்

"ஈஸா (அலை) அவர்களை மக்கள் வணங்கினர், அவர் தடுக்கவில்லை, ஆகவே அவர் இறைவனே." நம் பிள்ளைகளிடம் கிறித்தவப் போதகர்கள் அடிக்கடி வைக்கும் வாதம் இது. மத்தேயு 14:33, யோவான் 9:38 போன்ற வசனங்களை ஆதாரமாகக் காட்டுவர். அங்கெல்லாம் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் 'புரோஸ்குனேயோ'. வாதத்தின் முழுப் பாரத்தையும் இந்த ஒரு சொல்லே சுமக்கிறது. அதனால் அது தாங்குமா என்று பார்ப்போம்.

ஒருவர் முன் குனிந்தோ தரையில் விழுந்தோ பணிவைக் காட்டுவதே இதன் பொருள். பாரசீகர்கள் தம்மினும் மிக உயர்ந்தவரைக் கண்டால் விழுந்து பணிவதை ஹெரோடோடஸ் இச்சொல்லால்தான் எழுதுகிறார். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இப்ராஹீம் (அலை) ஏத்தின் மக்கள் முன்பும் (ஆதியாகமம் 23:7), யஃகூப் (அலை) தம் சகோதரர் ஏசாவின் முன்பும் (33:3) செய்தது இதுவே. அவர்கள் மனிதரை வணங்கினர் என்று எந்தப் போதகரும் சொல்லத் துணியமாட்டார். 1 நாளாகமம் 29:20இலோ இஸ்ரவேலர் கர்த்தருக்கும் அரசருக்கும் சேர்த்தே செய்ததாக இந்த ஒரே வினை வருகிறது!

புதிய ஏற்பாட்டிலும் கடன்பட்ட ஊழியன் தன் எஜமான் முன் செய்வது இதுவே (மத்தேயு 18:26). இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அங்கே 'மண்டியிட்டான்' என்றும், ஈஸா (அலை) அவர்களைக் குறித்து வரும்போது 'வணங்கினர்' என்றும் பிரிக்கின்றன. மூலத்தில் சொல் ஒன்றே. பிரிப்பது மொழிபெயர்ப்பாளரின் கொள்கை.

நம்மவர் சிலர் மறுகோடிக்குச் சென்று, இச்சொல் இறைவணக்கத்தைக் குறிக்கவே குறிக்காது என்கின்றனர். அது தவறு. யோவான் 4:24இல் அது இறைவணக்கமேதான். சொல் உடலின் செயலை மட்டும் சொல்கிறது; அது வணக்கமா மரியாதையா என்பதைச் சூழலே தீர்மானிக்கும். சொல்லை மட்டும் வைத்து இறைத்தன்மையை நிறுவ முடியாது என்பதே நம் வாதம்.

வழிபாட்டு ஊழியத்தைக் குறிக்க 'லத்ரேவோ' என்று வேறொரு சொல் உண்டு. மத்தேயு 4:10இல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. புதிய ஏற்பாட்டில் 21 இடங்களில் வரும் இச்சொல், ஈஸா (அலை) அவர்களுக்கெனத் தெளிவாக ஓரிடத்திலும் ஆளப்படவில்லை. ஜேம்ஸ் டன் எனும் கிறித்தவ அறிஞரே இதை எடுத்துக்காட்டியுள்ளார்.

"பேதுரு தடுத்தாரே (அப்போஸ்தலர் 10:26), இயேசு ஏன் தடுக்கவில்லை?" என்பர். யூசுஃப் (அலை) அவர்கள் முன் சகோதரர்கள் பணிந்தபோது அவரும் தடுக்கவில்லை. ஆதியாகமம் 42:6இல் கிரேக்கத்தில் அதே சொல். அல்குர்ஆன் 12:100இல் ஸஜ்தா. தடுக்காததே இறைத்தன்மைக்குச் சான்றென்றால் யூசுஃப் (அலை) அவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும்.

மரியாதைக்கான அந்த ஸஜ்தா முன்னோரின் ஷரீஅத்தில் இருந்தது; நம் ஷரீஅத்தில் இல்லை. ஆகவே "மரியாதைதானே" என்ற இதே விளக்கத்தைத் தர்காக்களில் தலையைத் தரையில் வைப்போர் கடன் வாங்க இயலாது. ஹீராவில் மக்கள் தம் தலைவருக்கு ஸஜ்தா செய்வதைக் கண்டு திரும்பிய கைஸ் பின் ஸஅத் (ரலி), அதற்குத் தாங்களே அதிகத் தகுதியானவர் என்று நபி (ஸல்) அவர்களிடம் கூறினார். "என் கப்ரைக் கடந்து சென்றால் அதற்கு ஸஜ்தா செய்வீரா?" என்று நபியவர்கள் கேட்க, அவர் "இல்லை" என்றார். அப்படியானால் இப்போதும் செய்யாதீர்கள் என்று நபியவர்கள் தடுத்துவிட்டதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது.