25 நிமிடம் சும்மா நிற்பது வீணா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஐடில் டைம்' படித்தபோது தோன்றிய விஷயம் இது.

2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். வருஷா வருஷம் நினைத்துக்கொள்கிறோம். காயத்தோடு பிழைத்த 18 பேரை எத்தனை பேர் நினைக்கிறோம்? பள்ளியே எரிய வேண்டும் என்றில்லை, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சாம்பார் போதும். சென்னையில் தீக்காயம் என்றாலே "கேஎம்சிக்குக் கொண்டு போ" என்பார்கள். எங்கள் முகப்பேரிலிருந்து கீழ்ப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. உயிர் பிழைத்துவிடும். பிறகுதான் தழும்பின் கதை ஆரம்பம்.

குழந்தையின் எலும்பு வளரும், தழும்பு கூடவே நீளாது. விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிக்கொள்ளும். தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இதில் ரத்தப்போக்குதான் பெரிய தலைவலி. 15 கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பதே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். ரத்தம் மறைத்தால் நூல் போன்ற நரம்புகளும் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டிய தோலுக்கு அடியில் ரத்தம் கட்டினால் தோல் பிடிக்காமல் போய்விடும்.

வழக்கமான வழி, மேல்கையில் காற்றுப் பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்துவது. ஹார்வி குஷிங் 1904-ல் காற்றடைத்த பட்டையை அறிமுகப்படுத்தினார். நல்ல கருவிதான். ஆனால் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. அவிழ்த்ததும் அடங்கியிருந்த ரத்தம் பெருகி வரும்.

இன்னொரு வழி, மிகவும் நீர்க்கச் செய்த அட்ரினலினைத் தழும்புக்கு அடியில் ஊசியால் செலுத்துவது. சின்ன ரத்தக்குழாய்கள் தாமே சுருங்கிக்கொள்ளும். ஜகார்த்தா மருத்துவர்கள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் கலந்து, பட்டையே கட்டாமல் கை ஆபரேஷன்கள் செய்து எழுதியிருக்கிறார்கள்.

"விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும்" என்பது பல்லாண்டுகளாகப் பாடப்புத்தக விதி. அந்தக் காலத்தில் கூடவே போட்ட புரோகெயின் மருந்து பழசாகி அமிலமாகியிருந்ததே முக்கியக் காரணம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். கனடாவின் டொனால்ட் லலோண்ட் குழு 2005-ல் கையிலும் விரலிலும் அட்ரினலின் போட்ட 3,110 பேரின் விவரத்தை வெளியிட்டது. ஒரு விரல்கூட அழுகவில்லை.

மருந்தின் விலை சொற்பம். அப்புறம் என்ன செலவு? நேரம்தான். ஊசி போட்டுவிட்டு முழுப் பலன் கிடைக்க 25 நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். மயக்கத்தில் குழந்தை, மயக்க மருத்துவர், நர்ஸ், வெளியே அடுத்த நோயாளி. எந்த நிர்வாகிக்கும் இது வீண் நேரமாகத்தான் தெரியும்.

இங்கேதான் என் பாடம் வருகிறது. தவிர்க்கவே முடியாத 'நார்மல் ஐடில் டைம்' நஷ்டக் கணக்கில் போகாது, உற்பத்திச் செலவிலேயே சேரும். இந்த 25 நிமிடமும் அப்படித்தான். ஒட்டிய தோல் பிடிக்காமல் போனால் மறுபடி மயக்கம், மறுபடி ஆபரேஷன், அப்பாவுக்கு மறுபடி சம்பளம் இல்லாத நாட்கள். அதுதான் நிஜமான நஷ்டம். அதை எந்த ஆஸ்பத்திரி லெட்ஜரிலும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் அதைக் கட்டுவது குடும்பம்.

எந்தக் குழந்தைக்கு எந்த வழி, எடைக்கு எவ்வளவு மருந்து என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் மூக்கை நுழைக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் பழைய பயமோ கடிகாரமோ அந்த முடிவை எடுக்கக்கூடாது. நாளைக்கு நம்மில் யாராவது ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸில் உட்காரலாம். அப்போது அந்த 25 நிமிடத்தைச் சிவப்பு மையால் சுழிக்காமல் இருந்தால் போதும். அந்தக் குழந்தை அதே கையால்தான் பென்சில் பிடிக்கப் போகிறது.