போரும் கற்றதே, சமாதானமும் கற்பதே

இவ்வாரத் தியானப் பகுதி: ஏசாயா 2:1-5

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



ஞாயிறு ஆராதனையில் பொது விண்ணப்பங்களை ஏறெடுக்கும்போது உலக சமாதானத்திற்காக ஒரு வரி ஜெபிக்கிறோம். அந்த வரியைச் சொல்லும் வேகத்தைக் கவனித்துப் பாருங்கள். வியாதியஸ்தர்களின் பெயர்களை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோம். மழைக்காகக் கண்ணீரோடு கேட்கிறோம். உலக சமாதானத்தை மட்டும் ஒரே மூச்சில் கடந்து விடுகிறோம். அது வல்லரசுகளின் காரியம், கரிசல் காட்டில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்ற எண்ணம் நம் உள்ளத்தில் ஊறியிருக்கிறது. அந்த எண்ணம் வேதத்திற்கு ஒத்ததன்று என்பதே இவ்வாரம் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

ஏசாயா தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தின் வரிசையைப் பாருங்கள். ஜாதிகள் கர்த்தருடைய பர்வதத்திற்கு ஏறி வருகிறார்கள். எதற்காக வருகிறார்கள்? உடன்படிக்கையில் கையொப்பமிட அல்ல, போதிக்கப்படுவதற்காக வருகிறார்கள். எபிரெய மூலத்தில் அங்கே உள்ள வினைச்சொல்லும் தோரா என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. போதனை முதலில் நடக்கிறது. நியாயத்தீர்ப்பு அதன் பின் வருகிறது. அதற்கும் பின்னரே ஆயுதங்கள் உழவுக் கருவிகளாகின்றன. முடிவாகத் தீர்க்கதரிசி போரைக் குறித்துச் சொல்லும் இடத்தில் பயன்படுத்தும் சொல் 'லாமத்'. கற்றுக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். போர் மனிதனுடைய இரத்தத்தில் பிறக்கும் ஒன்றல்ல, பாடம் போலக் கற்பிக்கப்பட்டுக் கற்றுக்கொள்ளப்படுவது என்கிறார் ஏசாயா. கற்றதை மறக்கவும் முடியும். அதன் இடத்தில் வேறொன்றைக் கற்கவும் முடியும்.

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942 ஆம் ஆண்டு முதலே, நேச நாடுகளின் கல்வி அமைச்சர்கள் இலண்டனில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். குண்டுகள் விழுந்த நகரத்தில் அமர்ந்து, போர் முடிந்த பின் பள்ளிகளை எவ்வாறு திறப்பது என்று ஆலோசித்தார்கள். அந்த ஆலோசனைகளின் கனியாக 1945 நவம்பர் 16 அன்று 37 நாடுகள் கையொப்பமிட்டு யுனெஸ்கோ என்னும் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தை உருவாக்கின. அதன் அமைப்புச் சட்டத்தின் முகப்பில் உள்ள கருத்து நமக்குப் புதியதன்று: போர் மனித மனத்தில் தொடங்குவதால் சமாதானத்திற்கான அரணும் அங்கேயே எழுப்பப்பட வேண்டும். ஏசாயாவை வாசித்த எவரும் அதை அடையாளம் கண்டுகொள்வர். அந்நிறுவனத்தின் கூரியர் இதழ் 1967 முதல் தமிழிலும் வெளிவந்தது. மணவை முஸ்தபா அதன் ஆசிரியராகப் பல்லாண்டுகள் உழைத்து, உலகத்தின் அறிவியலையும் கலையையும் தமிழ் வாசகரின் கையில் கொண்டு சேர்த்தார்.

இவையெல்லாம் நமக்குத் தொலைவு என்று எண்ணுகிறீர்களா? நம் இடைசெவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1923 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சில நாள் இடைவெளியில், இந்தச் சிற்றூரில் இரு குழந்தைகள் பிறந்தார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. அழகிரிசாமி கடல் கடந்து கோலாலம்பூர் சென்று தமிழ் நேசன் இதழில் பணியாற்றினார். கி.ரா. பள்ளிப் படிப்பை முழுமையாக முடிக்காதவர். ஆயினும் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து அமர்த்தியது. அவருடைய கோபல்ல கிராமம் எதைச் சொல்கிறது? அடைக்கலம் தேடித் தெற்கே வந்த தெலுங்கு பேசும் மக்கள் இந்தக் கரிசலைத் திருத்தி ஊராக்கிய கதையைச் சொல்கிறது. நாம் மிதித்து நடக்கும் மண், அந்நியராய் வந்தவர்கள் பாடுபட்டு உண்டாக்கிய மண். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாய் வாழும் பழக்கம் இவ்வூருக்கு நெடுநாள் உண்டு.

நம் தட்டில் உள்ளதையும் பாருங்கள். சோளமும் கம்பும் முதன்முதலில் ஆப்பிரிக்காவில் பயிரானவை. மிளகாயும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்கென்றே உழைத்து வருகிறது. ஐதராபாத்திற்கு அருகே பட்டஞ்செருவில் 1972 இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு நிறுவனம், சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றின் விதை வகைகளைப் பல நாடுகளிலிருந்தும் சேர்த்துக் காத்து வருகிறது. மழையை நம்பி விதைக்கும் ஆப்பிரிக்க உழவனுக்கும் நம் புஞ்சை உழவனுக்கும் ஒரே இடத்தில் ஆராய்ச்சி நடக்கிறது.

இத்தகைய மற்றொரு நிறுவனம் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே இருந்தது. இக்கார்டா என்று அதற்குப் பெயர். உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கே இருந்த விதைக் களஞ்சியத்தை அதன் அறிவியலாளர்கள் பயன்படுத்த முடியாமற்போயிற்று. ஆனால் அந்த விதைகளின் மறுபிரதிகளை அவர்கள் முன்னமே நார்வே நாட்டின் வடகோடியில், ஸ்வால்பார்டு தீவில், 2008 இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகத்திற்கு அனுப்பி வைத்திருந்தார்கள். 2015 இல் அவற்றிலிருந்து ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். லீபனோனிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017 இல் புதிய விதைகளை மீண்டும் பெட்டகத்தில் கொண்டு வைத்தார்கள். விதைக் கோதுமையைப் பஞ்ச காலத்திலும் தின்னாமல் கட்டி வைக்கும் நம் பாட்டிமாரின் ஞானத்தை, நாடுகள் ஒன்றுகூடிச் செய்தால் அது இப்படியிருக்கும். பகையில் ஒரு நாடு எரிந்தாலும் எல்லாம் எரிந்துபோகாதபடி அயலாரின் கையில் ஒரு பங்கு இருந்தது.

அயலாரின் கையில் பங்கில்லாதபோது என்ன நேரும் என்பதற்கும் நம் இனத்திலேயே சாட்சி உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933 இல் செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து வளர்ந்தது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லாங் அடிகளார் அதற்காக உழைத்தார். சென்னையிலிருந்து நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை தந்தார். கட்டட வரைபடத்தைச் சென்னையின் நரசிம்மன் வரைந்தார். இந்துவும் கிறிஸ்தவரும், ஈழத்தாரும் தமிழகத்தாரும் சேர்ந்து எழுப்பிய வீடு அது. 1981 மே 31 ஆம் நாள் இரவில் தொடங்கிய வன்முறையில் அது தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் மறுபிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். தீ வைத்த கைகள் வானத்திலிருந்து விழவில்லை. எந்த வீட்டிலோ, எந்த வகுப்பிலோ, எந்த மேடையிலோ ஒரு வெறுப்பைக் கற்றுக்கொண்ட கைகள் அவை.

அதே யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்தவர்தாம் தனிநாயகம் அடிகளார். நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் குருவாக இருந்தவர். 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாயிருந்தார். 1966 இல் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு கூடியது. பல நாட்டு அறிஞர்களும் பல சமயத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அவர் நம் சபைப் பிரிவைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் ஒரு கிறிஸ்தவ ஊழியன் தன் மொழியையும் உலகத்தையும் ஒருசேர நேசிக்கலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி நம் மாவட்டத்தில் இல்லை என்பேன்.

பிரியமானவர்களே, இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஏசாயா சொல்லும் கருவிகள் எவை? மண்வெட்டியும் அரிவாளும். யோவேல் 3:10 இல் அதே கருவிகள் எதிர்த்திசையில் ஆயுதமாவதைக் காண்கிறோம். நாங்குநேரியில் நிறைவேறியது ஏசாயாவின் தரிசனமன்று. யோவேல் காட்டும் அந்த எதிர்த்திசையே. அந்நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இருக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் அந்தக் கயிற்றின் பொருளைக் கற்பித்தவர் யார்? பாடநூலில் அது இல்லை. வீடு கற்பித்தது, தெரு கற்பித்தது. திருச்சபையும் கற்பித்தது என்று சொல்லாமல் விடுவது சத்தியமாகாது. பெண் கொடுப்பதிலும், சபைத் தேர்தலிலும், கல்லறைத் தோட்டத்திலும் நாம் காக்கும் எல்லைகளை நம் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிப் பாடத்தைவிடக் கவனமாகக் கற்கிறார்கள்.

சிலர் கேட்பீர்கள்: "ஐயா, கிறிஸ்து ஒருவரே சமாதானத்தைத் தருகிறவர். உலகம் தருவதைப்போல் அவர் தருவதில்லை என்று யோவான் 14 இல் அவரே சொல்லியிருக்கிறாரே. மனிதர் கூடிக் கட்டும் நிறுவனங்கள் இன்னொரு பாபேல் கோபுரமல்லவா?" நியாயமான கேள்வி. யுனெஸ்கோ பிறந்த பின்னரும் போர்கள் நிற்கவில்லை என்பதும் உண்மை. மனிதருடைய பாவத்திற்குப் பரிகாரம் எந்த மாநாட்டிலும் இல்லை; அது கல்வாரியில் இருக்கிறது. ஆனால் பாபேலுக்கு ஆண்டவர் தந்த மறுமொழி பெந்தெகொஸ்தே. அங்கே மொழிகள் ஒழிக்கப்படவில்லை. அவரவர் தம் தம் மொழியில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள். மலைப்பிரசங்கத்தில் பாக்கியவான்கள் என்று கர்த்தர் அழைப்பது சமாதானத்தை விரும்புகிறவர்களை அல்ல. கிரேக்கத்தில் அந்தச் சொல் சமாதானத்தைச் செய்கிறவர்கள், உண்டாக்குகிறவர்கள் என்றே பொருள்படும். செய்வதற்குக் கை வேண்டும், கருவி வேண்டும், உழைப்பு வேண்டும். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்திலும் அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படியே கட்டளை வருகிறது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை சில. நம் ஆலயத்தின் கூடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. மாலை வேளையில் அதைத் திறந்து, எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கும் இடமாக்குவோம். எந்தச் சபை, எந்தச் சாதி என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கக்கூடாது. நம் வட்டாரத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நம் வாலிபர்கள் தமிழ் கற்றுக்கொடுக்கட்டும். அவர்களிடமிருந்து நம் பிள்ளைகள் பத்துச் சொல்லாவது கற்கட்டும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு நாள், நம் வயலில் விளையும் ஒவ்வொரு பயிரும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாடம் நடத்தலாம். அயலாரை வெறுப்பது எவ்வளவு அறியாமை என்பதை அந்தப் பாடமே சொல்லிவிடும். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் மணிக்கட்டை இன்று பாருங்கள். அதில் கயிறு இருந்தால் அதட்டி அறுக்காதீர்கள். அருகில் அமர்த்தி, அது யாரை விலக்கி வைக்கிறது என்று பேசி, பிள்ளையே அவிழ்க்கும்படி செய்யுங்கள். அறுத்த கயிறு நாளை திரும்பக் கட்டப்படும். விளங்கிக்கொண்டு அவிழ்த்தது திரும்ப ஏறாது.

இவை சிறிய காரியங்கள்தாம். ஆனாலும் இலண்டனில் கூடிய அமைச்சர்கள் தேடியதும், ஸ்வால்பார்டில் விதையை ஒப்படைத்தவர்கள் நம்பியதும் இதே வேலையின் வேறு அளவுகளே. அவர்கள் நாடுகளுக்கிடையில் செய்ய முயன்றதை நாம் இரண்டு தெருக்களுக்கிடையில் செய்யாமல், உலக சமாதானத்திற்காக ஜெபிக்க நமக்கு என்ன தைரியம் உண்டு?

ஜெபம்: சமாதானத்தின் தேவனே, ஜாதிகளுக்கு உமது வழியைப் போதிக்கிறவரே, எங்களையும் உம்முடைய பள்ளியில் அமர்த்தும். பகையை நாங்கள் எங்கே கற்றோமோ அங்கே எங்களுக்கு மறதியைத் தாரும். அயலாரின் மொழியையும் துக்கத்தையும் அறியும் செவியைத் தாரும். எங்கள் பிள்ளைகளின் கையில் புத்தகமும் உழவுக் கருவியும் மட்டுமே இருக்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்