பெயருக்குப் பணமா? ஆற்றலுக்குப் பணமா?

இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்ததும் பிள்ளைகள் கேட்பது ‘கேமிங்’ மடிக்கணினி. கேட்பதில் தவறில்லை, விளையாட்டும் இளமைக்கு உரியதே. ஆனால், அளவான வருமானத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர், விலையட்டையில் உள்ள பெயரை மட்டும் நம்பி மூவாயிரம், நாலாயிரம் ரிங்கிட்டைக் கொட்டிக் கொடுப்பதை எவ்வாறு ஏற்பது?

பெயரும் ஆற்றலும் ஒன்றல்ல. என்விடியா நிறுவனம் 2023ஆம் ஆண்டில் ஆர்டிஎக்ஸ் 4070 என்னும் ஒரே பெயரில் மேசைக்கணினிக்கு ஒன்றும் மடிக்கணினிக்கு ஒன்றுமாக இரு வரைகலைச் செயலிகளை வெளியிட்டது. முன்னதற்கு 12 ஜிகாபைட் நினைவகம், 200 வாட் மின்திறன். பின்னதற்கு 8 ஜிகாபைட் மட்டுமே. அதன் மின்திறனோ, மடிக்கணினியைத் தயாரிப்பவர் முடிவு செய்வதற்கேற்ப 35 வாட் முதல் 115 வாட் வரை மாறும். மடிக்கணினிகளுக்குரிய 4060, 4050 ஆகியவற்றுக்கும் இதே வரம்புதான். ஆகவே, ஒரே பெயர் தாங்கிய இரண்டில் ஒன்று ஓடும், மற்றொன்று தவழும். பெயரைக் கொட்டை எழுத்தில் போடும் கடைக்காரர்கள் வாட் அளவைச் சொல்லாமல் விடுவது முறையா?

விலையைக் குறைக்க வேறிடங்களிலும் கை வைப்பார்கள். இரண்டு நினைவகத் துண்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இருக்கும். திரையின் நிறம் வெளிறியிருக்கும். வெப்பத்தைத் தணிக்கும் விசிறி சிறுத்திருக்கும். சூடேறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எனவே, பணத்தை எடுக்குமுன் கேளுங்கள்:

1. வரைகலைச் செயலிக்கு எத்தனை வாட்?
2. அதன் நினைவகம் எத்தனை ஜிகாபைட்?
3. ரேம் 16 ஜிகாபைட் உண்டா? பின்னர் கூட்ட இடமுண்டா?
4. உத்தரவாதம் எத்தனை ஆண்டு?

மறுமொழி தராத கடையில் வாங்காதீர்.

“வரிவிலக்கு இருக்கிறதே” என்பர் சிலர். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட், வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை. கைக்குத் திரும்பி வரும் பணமன்று. வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாத குடும்பத்திற்கு அதனால் ஒரு சென்கூட மிச்சமில்லை. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு தொடங்கப்பட்டது அவசரத் தேவைக்காக. முதுமைக்கான சேமிப்பை விளையாட்டுக் கணினியில் கரைப்பது அவசரத் தேவையாகுமா?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. “பாடத்திற்கு நல்ல ஆற்றலுள்ள கணினி வேண்டும்” எனப் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். கட்டுரை தட்டச்சு செய்யவும் படைப்புகளை உருவாக்கவும் இணைய வகுப்பில் கலந்துகொள்ளவும் சாதாரண மடிக்கணினி தாராளமாகப் போதும். நம் வாய்ச்சொல்லை நம்பித் தவணைக் கடனில் இறங்கும் பெற்றோர் உண்டு.

விளையாட்டும் வேண்டும், பணமும் குறைவு என்றால் மேசைக்கணினியே தக்கது. அதே விலையில் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். வரைகலை அட்டையைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அச்செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் வாங்கியது வாங்கியதுதான்.

பெற்றோர்களே, உழைத்துச் சேர்த்த பணம் உங்களுடையது. பிள்ளையையும் அருகில் அமர்த்தி, மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் அவனையே கேட்கச் சொல்லுங்கள். கணினியைப் பற்றி அவன் கற்கும் முதற்பாடம் அதுவாக இருக்கட்டும்.

சிந்திப்போம், பிறகு வாங்குவோம்!