அமைச்சர் நாற்காலியிலிருந்து நீதிபதி நாற்காலிக்கு

2021 மே மாதம் பல்கேரியாவில் காபந்து அரசு அமைந்தபோது யானகி ஸ்டொய்லோவ் நீதித் துறை அமைச்சரானார். அதே ஆண்டு நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் நீதிபதியாகிவிட்டார். காபந்து அமைச்சரவையை அமைத்தவரும் அவரை நீதிபதியாக நியமித்தவரும் ஒருவரே: அன்றைய அதிபர் ருமென் ராதெவ்.

ஸ்டொய்லோவின் படிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. சோஃபியா பல்கலைக்கழகத்தில் சட்டக் கோட்பாடு கற்பித்த பேராசிரியர் அவர். சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் நீண்ட காலம் நாடாளுமன்றத்தில் இருந்தவர். கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின் 1991இல் இயற்றப்பட்ட சாசனம் இத்தகையவர்களுக்கு இடம் தருகிறது. நீதிபதிகள் 12 பேர். நால்வரை நாடாளுமன்றமும் நால்வரை அதிபரும் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி நால்வரை இரண்டு உச்ச நீதிமன்றங்களின் நீதிபதிகள் கூடித் தேர்கிறார்கள். பதவிக்காலம் 9 ஆண்டுகள், மறு நியமனம் இல்லை. 15 ஆண்டு சட்ட அனுபவம் கட்டாயம். பதவியேற்றபின் கட்சியில் இருக்கக் கூடாது என்கிறது சாசனம். நேற்றுவரை எங்கே இருந்தார் என்று மட்டும் அது கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

அமைச்சராக இருந்த சில மாதங்களில் ஸ்டொய்லோவ் கையில் எடுத்த பெரிய விவகாரம், தலைமை அரசு வழக்கறிஞர் இவான் கெஷேவைப் பதவிநீக்கக் கோரியது. அப்படிக் கோர அமைச்சருக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதித்துறை கவுன்சில் தட்டிக் கழித்தது. அதிகாரம் உண்டா இல்லையா என்ற கேள்வி அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. உண்டு என்று 2022 தொடக்கத்தில் நீதிமன்றம் சொன்னபோது, கேள்விக்குக் காரணமானவர் அதே நீதிமன்றத்தின் உறுப்பினர்.

இந்த மாதிரி வழக்கில் நீதிபதி விலகிக்கொண்டால் போதாதா? போதாது. வந்திருப்பவர்களில் பெரும்பான்மை என்ற கணக்கு அங்கே கிடையாது. 12 பேரில் 7 பேர் சேர்ந்தால்தான் ஒரு சட்டம் செல்லாது என்று தீர்ப்பாகும். ஆகவே விலகி நிற்பவரின் இடம், மனுவுக்கு எதிரான வாக்கைப் போலவே வேலை செய்யும். உட்கார்ந்தால் சந்தேகம், எழுந்தால் கணக்கு பிசகும்.

2024 ஜனவரியில் இதே கதை வேறு கட்சியில் நடந்தது. கெர்ப் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் தெசிஸ்லாவா அத்தனாசோவாவை நாடாளுமன்றமே நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. அவருடைய கட்சியும் சேர்ந்து 2023 டிசம்பரில் நிறைவேற்றிய சாசனத் திருத்தங்கள் விரைவிலேயே அந்த நீதிமன்றத்தின் முன் வந்தன. 2024 ஜூலையில் நீதிமன்றம் அவற்றின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. அத்தனாசோவாவின் தேர்வுக்குக் கொதித்தவர்கள் ஸ்டொய்லோவின் நியமனத்தையும் அதே தராசில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் பேராசிரியர் என்பதால் தூரம் கூடிவிடாது.

அரசியல்வாதியே நீதிபதியாகக் கூடாது என்று வாதிடுவோரும் உண்டு. ஃபிலிப் திமித்ரோவை நினைத்தால் அது மிகை என்றே தோன்றுகிறது. 1991–92இல் பிரதமர், பிறகு வாஷிங்டனில் தூதர், ஜார்ஜியாவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரதிநிதி. இடையில் நாவல்களும் எழுதினார். 2015இல் நீதிபதியானபோது பிரதமர் பதவி போய் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் ஒப்பந்தம் சாசனத்துக்கு முரணானது என்று 2018இல் எட்டு நீதிபதிகள் தீர்ப்பளிக்க, மாறுபட்ட நால்வரில் இந்த வலதுசாரியும் ஒருவர். சட்டம் இயற்றும் அறையின் உள்விவகாரம் தெரிந்தவர் ஓரிருவர் நீதிமன்றத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் அவர்கள் கட்சி அலுவலகத்திலிருந்தோ அமைச்சகத்திலிருந்தோ நேராக வரக் கூடாது. நடுவில் ஐந்து ஆண்டு இடைவெளியைக் கட்டாயமாக்கலாம்.

தகுதிகளைச் சாசனமே வகுத்திருப்பதால் திருத்தமும் சாசனத்தில்தான் வர வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் மொத்தம் 240 உறுப்பினர்களில் குறைந்தது 160 பேர் கை தூக்க வேண்டும். அந்த நாற்காலிகளில் கண் வைத்திருப்பவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.