குளோரினுக்கு முன் செய்ய வேண்டியது

காலராவையும் டைபாய்டையும் குடிநீரிலிருந்து விரட்டியதில் குளோரினுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைக்கச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஆனால் ஏரித் தண்ணீரில் மட்கிய இலைதழையும் பாசியும் கரைந்திருக்கையில் குளோரின் கலந்தால், குளோரோஃபார்ம் முதலான டிரைஹாலோமீத்தேன்களும் ஹாலோஅசிட்டிக் அமிலங்களும் உண்டாகின்றன. 1974இல் நெதர்லாந்து வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் இதை வெளிப்படுத்தினார். 1979இல் அமெரிக்கா, டிரைஹாலோமீத்தேன்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என வரம்பு விதித்து, பிறகு அதை 80 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு இவை காரணமாகலாம் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இது மதிப்பீடுதான், நிரூபணம் அல்ல. என்றாலும் ஆயுள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில் நிரூபணத்துக்காகக் காத்திருப்பது விவேகமாகாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுத் தரநிலையும் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. நடைமுறையில் நாம் பார்ப்பதோ வேறு சோதனை. ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறார். பிறகு குழாய்த் தண்ணீரில் மருந்துவிட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார். அந்த மஞ்சள், குளோரின் மிச்சமிருப்பதைச் சொல்லும். துணைப்பொருள்களைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு வாயு நிறப்பகுப்பாய்வுக் கருவியுள்ள ஆய்வகம் வேண்டும்.

'காய்ச்சிக் குடித்தால் போயிற்று' என்பார்கள். எளிதில் ஆவியாகும் டிரைஹாலோமீத்தேன்கள் கொதியில் பெருமளவு வெளியேறும்; ஹாலோஅசிட்டிக் அமிலங்களை அப்படி நம்ப முடியாது. குளிக்கும்போது மூச்சிலும் தோல்வழியும் குளோரோஃபார்ம் உடலுக்குள் போவது தனிக்கதை. 'வேறு கிருமிநாசினிக்கு மாறலாமே' என்பவர்கள் வாஷிங்டனை நினைக்க வேண்டும்: 2000இல் அங்கே குளோரமீனுக்கு மாறியதும், குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது.

செய்ய வேண்டியது நேரானது. படிகாரமிட்டுத் தெளியவைத்தும் வடிகட்டியும் கரிமப்பொருளை நீக்கிய பின்னரே, குளோரினின் பெரும்பங்கைச் சேர்க்க வேண்டும். செலவு கூடும் என்பது உண்மை; மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. தண்ணீர் குழாயில் பயணிக்கப் பயணிக்க இந்தச் சேர்மங்கள் பெருகுவதால், நிலையத்து வாசலில் மட்டுமல்ல, கடைசித் தெருக் குழாயிலும் மாதிரி எடுக்க வேண்டும். கோடையில் ஏரி வற்றிப் பாசி படரும் மாதங்களில் இது இன்னும் அவசியம். அந்த முடிவுகளைக் குடிநீர் வாரியங்களும் உள்ளாட்சிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பகுதிவாரியாக வெளியிட வேண்டும்.